பாதிக்கப்பட்டவரின் மழைக்கோட்டு

மேஸ்திரியம்மாவுக்குக் காலையிலிருந்தே கழுத்து வலித்தது. சின்ன வயதிலிருந்து செங்கல் சுமந்த கழுத்து. சுமையை இறக்கி எத்தனையோ வருஷம் ஆகியும் அதற்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. யாரோ தலையில் ஒரு சட்டி கலவையைத் தூக்கி வைக்கப் போகிறார்கள் என்பது போல விறைத்துக்கொண்டு நின்றது. டயர் கடை மாடியில் இருந்த தன் துப்பறியும் அலுவலகத்தில், தைலம் தேய்த்த கழுத்தை நாற்காலி முதுகில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"அண்ணி, கண்ணைத் திறங்க. கேஸ் வந்திருக்கு. அழுதுக்கிட்டே வந்திருக்கு" என்றான் கண்டக்டர்.

கண்டக்டர் அவள் கணவனின் தம்பி. பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்தவன். வாய் நீளம் என்று பயணிகள் புகார் கொடுத்துக் கொடுத்தே வேலை போயிற்று. இப்போது அண்ணிக்கு உதவியாளன். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

அழுதது ஒரு கைக்குழந்தை. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றவன் அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஒரு கையில் பால் புட்டி. குழந்தை அதை வாயில் வைத்ததும் துப்பியது.

"புட்டியில குடிக்க மாட்டேங்குதுங்க. அம்மாதான் வேணுமாம்" என்றான்.

"அம்மா எங்க?"

"உள்ள வெச்சிருக்காங்க."

கண்டக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டான். சைக்கிள் கடைக்காரன் மூச்சு விடாமல் சொன்னான். அவன் மனைவி தையல் தைப்பவள். தையல் இல்லாத நேரத்தில் போனில் செய்தி போடுவாள். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்று தெருச் செய்திகள். போன வாரம், சாயப் பட்டறையின் கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விடுவதைப் படம் பிடித்துப் போட்டாள். ஊரே பார்த்தது. நேற்று இணைய ஊடக ஒழுங்காணையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சேனலுக்குச் சீல் வைத்தார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணைங்க. உத்தரவை உறுதி பண்ணிட்டா ஒரு வருஷம் ஜெயில். இது அதுக்குள்ள நடக்கவே ஆரம்பிச்சுடும்" என்று குழந்தையைக் காட்டினான்.

உத்தரவில் மூன்று காரணங்கள் இருந்தன. கண்டக்டர் உரக்கப் படித்தான். முதலாவது, வீடியோ பொய். இரண்டாவது, வீடியோவில் இருப்பவரின் முகத்தை அனுமதியில்லாமல் காட்டியதால் அவருடைய மனித உரிமை மீறப்பட்டது, அவர் தூக்கமின்றி மன உளைச்சலில் தவிக்கிறார். மூன்றாவது, இந்த வீடியோவை ஏராளமானோர் திரும்பத் திரும்பப் பார்த்ததில் மின்சாரம் வீணாகி, பூமி சூடாகி, சுற்றுச்சூழல் கெட்டது.

"மூணாவது நெசமாவே இருக்கா?" என்றாள் மேஸ்திரியம்மா.

"முத்திரையே குத்தியிருக்கு அண்ணி. விளையாட்டுக்கு இப்படி எழுத எவனுக்கும் தைரியம் வராது."

"படத்தைக் காட்டு."

சைக்கிள் கடைக்காரனின் போனில் வீடியோ ஓடியது. ஒரு மதில் மூலை. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள் குனிந்து இரும்புச் சக்கரத்தைத் திருப்புகிறான். கோட்டின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் ஒட்டு. குழாயிலிருந்து கருநீலத் தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் விழுகிறது. அவ்வளவுதான்.

மேஸ்திரியம்மா மறுபடி போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

"மூஞ்சி எங்கய்யா?"

"இல்லைங்க. அவ வேணும்னேதான் முதுகை மட்டும் எடுத்தா. எடுக்கச் சொன்னது யாருன்னு எங்கிட்டகூடச் சொல்லல. அந்தப் பேரைச் சொல்லு, விட்டுடறோம்னு ஆணையத்துல கேட்டாங்களாம். முடியாதுன்னுட்டா."

"அப்ப, தெரியாத மூஞ்சி தெரிஞ்சுபோச்சுன்னு தூக்கம் வராம புரளறது யாரு?"

"பேரு ரகசியமாம். 'பாதிக்கப்பட்டவர்'னு மட்டும் போட்டிருக்கு."

மேஸ்திரியம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். "அந்தப் பாதிக்கப்பட்டவரைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லிட்டு வருவோம். கிளம்புடா."

*

சாயப் பட்டறையின் பின்பக்கம் வாய்க்கால் அன்று நீலமாக ஓடியது.

"முந்தாநாள் சிவப்பாம். வாய்க்காலைப் பார்த்தே எந்தக் கலர் துணி கடைக்கு வரப்போகுதுன்னு சொல்லிடலாம் போல" என்றான் கண்டக்டர். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்ததால் சிரிப்பும் உள்ளேயே கிடந்தது.

மதிய இடைவேளைக்குச் சங்கு ஊதினார்கள். ஆட்கள் வெளியே வந்து குழாயடியில் கை கழுவினார்கள். எத்தனை கழுவியும் முழங்கை வரை நீலம் போகவில்லை.

"எல்லாருக்கும் ஒரே கை. இதுல வால்வு திருப்பறவனை எப்படி அண்ணி கண்டுபிடிக்கறது? முதுகைக் காட்டுங்கன்னு வரிசையில நிக்க வைக்கவா?"

"சாயத்துல கை வைக்கிறவனுக்குக் கை நீலம். வால்வு திருப்பறவனுக்கு உள்ளங்கையில துரு இருக்கும். அப்புறம், இந்த வெயில்ல மடிப்புக் கலையாத புது மழைக்கோட்டோட ஒரு ஆளு நிக்கறாரு பாரு."

பச்சைக் கோட்டு. கடையில் மடித்த மடிப்பு நெஞ்சில் கட்டம் போட்டிருந்தது. போட்டிருந்தவர் நரைத்த தலையர். தனியாக ஒதுங்கி நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை செங்கல் நிறம்.

"புதுக் கோட்டாண்ணே?" என்று பக்கத்தில் போய் நின்றாள் மேஸ்திரியம்மா.

அவர் திடுக்கிட்டார்.

"பயப்படாதீங்க. வீடியோ போட்ட பொண்ணோட வீட்டுக்காரர் எங்களை அனுப்பினாரு. நீங்க அந்தப் பொண்ணு மேல புகார் கொடுத்தீங்களா?"

"நானா? நான் எதுக்கும்மா கொடுக்கறேன்? நான்தானே அந்தப் பொண்ணைக்..." என்றவர் சட்டென்று வாயை மூடினார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் இறங்கியது. "நான்தான் கூப்பிட்டேன். இன்ன நேரத்துக்குத் திறப்பேன், வந்து எடுத்துக்கோன்னு சொன்னேன்."

கண்டக்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டான்.

"காலையில நான் திறந்து விடறேன். சாயங்காலம் அது எங்க வீட்டுப் பின்னாடி போகுது. எங்க தெருவுல குழாய் கிடையாது. எம்மக அதுலதான் பாத்திரம் கழுவுறா. கை பூரா புண்ணு. அப்பா, தண்ணியில யாருப்பா இதைக் கலக்கறாங்கன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?" அவர் கையைக் கோட்டில் துடைத்தார். "அந்தப் பொண்ணு எம்பேரைச் சொல்லிடுச்சா?"

"சொல்லல. அதனாலதான் உள்ள இருக்கா."

"நான் வேணும்னா வந்து சொல்லட்டுமா?" என்றார். கேட்டது வாய்தான். கால் வேலைக்குத் திரும்பிப் போகத்தான் பார்த்தது.

"வேணாம்ணே. உங்க பேரு எங்க வாயிலேர்ந்து வராது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒட்டுப்போட்ட மஞ்சக் கோட்டு என்னாச்சு?"

"அதுவா? முந்தாநாள் முதலாளியோட டிரைவர் வந்து வாங்கிட்டுப் போனாரு. பதிலுக்கு இதைக் கொடுத்தாங்க. கை கழுவ ஒரு சோப்பு கேட்டு எத்தனையோ தடவை நடந்திருக்கேன், கொடுத்ததில்ல. திடீர்னு கோட்டு. மனசு மாறிட்டாங்கன்னு நெனைச்சேன்."

"சுருட்டி எடுத்துட்டுப் போனாரா?"

"இல்லம்மா. ஹேங்கர் கொண்டாந்திருந்தாரு. அதுல மாட்டி, கசங்காம கார் ஜன்னல்ல தொங்கவிட்டு எடுத்துட்டுப் போனாரு."

திரும்பி நடக்கும்போது கண்டக்டர் சொன்னான்: "முதலாளி வீட்டு நாய்க்குக் குளிராயிருக்கும்."

"சாட்சியை அழிக்கிறவன் கோட்டை எரிப்பான். ஹேங்கர்ல மாட்டறவன் போட்டுக்கப் போறான்" என்றாள் மேஸ்திரியம்மா.

*

ஒழுங்காணையத்தின் கட்டடம் கண்ணாடியால் ஆனது. வெயில் முழுவதும் உள்ளே வந்தது. அதை விரட்ட ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கதவிலும் 'காகிதத்தைக் காப்போம்' என்று எழுதி, அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். விசாரணையில் பேச அனுமதி கேட்கும் மனுவை மூன்று பிரதிகள் கேட்டார்கள்.

மேஸ்திரியம்மா மனு எழுதி, சைக்கிள் கடைக்காரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கண்டக்டர் வாசல் காவலாளியிடம் போய் நின்றான். அவன் தடத்தில் தினம் ஏறி இறங்கியவர்தான் காவலாளி. டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவது போலப் பாவனை செய்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்.

"மாமா, உங்களை எத்தனை நாள் கண்டும் காணாம விட்டிருக்கேன். இன்னைக்கு எனக்கு ஒரு ஸ்டாப்பிங் சொல்லுங்க. பாதிக்கப்பட்டவர் வந்தாரா?"

"வந்தாச்சு மாப்ளே. பின்பக்க லிஃப்ட்ல. பாவம், ரொம்ப நொந்துபோன மனுஷன். டிரைவர்தான் கதவையே திறந்துவிட்டாரு. அவரு போய் இவ்வளவு நேரமாச்சு, லிஃப்ட்ல இன்னும் செண்ட் வாசனை போகல. கூட ஒரு வக்கீல். ஒரு மஞ்சக் கோட்டு வேற, ஹேங்கர்ல."

கண்டக்டர் மாடிப்படியில் அண்ணியைப் பிடித்தான். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும்.

"முதலாளியேதான் அண்ணி. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. அந்தாளுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"கம்பெனிக்கு மனித உரிமை கிடையாதுடா. அது மனுஷனுக்குத்தான். புகாரும் வீடியோவுல இருக்கற மனுஷன்தான் கொடுக்கணும்."

"வால்வுக்காரரையே மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே?"

"வாங்கலாம். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு உண்டுன்னு உத்தரவுலயே இருக்கு. அந்தப் பணம் வால்வு திருப்பறவன் கைக்குப் போகுமே. சோப்பே கொடுக்காதவன் அதை விட்டுக்கொடுப்பானா? அதான் தானே பாதிக்கப்பட்டுக்கிட்டான்."

கண்டக்டர் படியில் நின்றுவிட்டான். "அடப்பாவி. பேராசையிலயும் ஒரு உழைப்பு இருக்கு அண்ணி."

*

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆணையர், ஏசிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். வலப்பக்கம் சுற்றுச்சூழல் உறுப்பினர், முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள். இடப்பக்கம் மனித உரிமை உறுப்பினர், தூங்கிக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு துணித் திரை. திரைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கும்படி, சான்றுப் பொருளாக மஞ்சள் கோட்டுத் தொங்கியது.

எதிரே பெஞ்சில் சைக்கிள் கடைக்காரனின் மனைவி, அந்தச் செய்திக்காரி. போர்வையை மார்போடு இழுத்துச் சுற்றியிருந்தாள். போர்வை நனைந்திருந்தது. வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் உள்ளே குறுகியது.

"பாப்பாவுக்குப் பால் கொடுத்துட்டு வந்துடறேன் ஐயா" என்றாள்.

ஆணையர் பக்கத்தில் பார்த்தார். மனித உரிமை உறுப்பினர் கண்ணைத் திறக்காமலே, "குழந்தைகள் உரிமைப் பிரிவு அடுத்த மாடியில. அங்க மனு கொடுங்க" என்றார்.

மூலையில் கேமரா ஒன்று சிவப்பு விளக்கோடு நின்றது. ஆணையத்தின் விசாரணைகள் வெளிப்படையானவை என்று காட்ட, ஆணையத்தின் சொந்தச் சேனலில் நேரலை.

"இதைப் பார்த்தா மின்சாரம் செலவாகாதுங்களா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"இது அரசாங்க நேரலை. சுற்றுச்சூழலைப் பாதிக்காது" என்றார் சுற்றுச்சூழல் உறுப்பினர்.

மேஸ்திரியம்மா எழுந்தாள். திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, இந்தக் கோட்டு உங்களுதா?"

"என்னுடையதுதான்" என்றது திரை.

"முதுகுல இருக்கற ஒட்டு?"

"நானே போட்டேன். ஏழைப்பட்டவன்."

திரைக்கு அடியில் தெரிந்த காலணி கண்ணாடி போல மின்னியது. கண்டக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவனை அண்ணி முழங்கையால் இடித்தாள்.

"ஆணையர் ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். வீடியோவுல இருக்கறது இவரில்லைன்னு தோணுது."

"பாதிக்கப்பட்டவரைச் சந்தேகப்பட்டா அவரு இன்னொரு தடவை பாதிக்கப்படுவாரும்மா."

"சரிங்க. விவரம் தெரியாதவ கேக்கறேன். இவரில்லைன்னா, உங்க முன்னால பொய் சொன்ன குற்றம் வரும். அதுக்கு என்ன தண்டனை?"

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொந்தமாக எழுதிய விதி. "ஒரு வருஷம் சிறை. ஜாமீன் கிடையாது."

"இவர்தான்னா, வால்வைத் திருப்பினதும் இவரு, வாய்க்கால்ல கழிவை விட்டதும் இவரு. அதுக்கு?"

சுற்றுச்சூழல் உறுப்பினர் புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். "அபராதம்."

"எவ்வளவுங்க?"

"அது... பழைய காலத்துல போட்டது. ஒரு கார் டயர் வாங்கலாம்."

திரைக்குப் பின்னால் வக்கீல் முணுமுணுத்தார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல அங்கே கணக்குப் பார்த்தார்கள். சிறையை ஒரு தட்டில் வைத்தார்கள், டயரை ஒரு தட்டில் வைத்தார்கள்.

"நான்தான்!" என்றது திரை கம்பீரமாக. "சந்தேகமே வேண்டாம். தினமும் நான்தான் திறக்கிறேன். தொழிலாளிங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு என் கையாலயே திறக்கிறேன். அந்த வேலைக்குன்னு நான் வேற ஆளே வெச்சுக்கல!"

மனித உரிமை உறுப்பினரின் கண் திறந்தது. "வெச்சுக்கலையா? ஏழைப்பட்டவன்னு சொன்னீங்க. நீங்க அங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"முத..." என்று தொடங்கிய குரலை யாரோ கையால் பொத்தியது போலிருந்தது.

"முதல் ஷிஃப்ட்டா?" என்று எடுத்துக் கொடுத்தான் கண்டக்டர்.

கேமராவுக்குப் பின்னால் இருந்த இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தான். ஆணையர் மேசையில் இருந்த கணினித் திரையை எட்டிப் பார்த்தார். நேரலையைப் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. செய்திக்காரியின் வீடியோவை எப்போதோ தாண்டியிருந்தது.

"அப்ப வீடியோ உண்மைன்னு புகார் கொடுத்தவரே சொல்லிட்டாரு" என்றாள் மேஸ்திரியம்மா. "முதல் காரணம் போச்சு. ரெண்டாவது, மூஞ்சி. படத்தை இங்கயே போடுங்க. மூஞ்சி எங்க வருதுன்னு ஐயா விரல் வெச்சுக் காட்டட்டும்."

போட்டார்கள். கோட்டு, ஒட்டு, சக்கரம், தண்ணீர்.

"முதுகு..." என்று ஆணையர் இழுத்தார்.

"விதியில முதுகைப் பத்தி ஒண்ணுமில்ல" என்றார் மனித உரிமை உறுப்பினர், தன் வாழ்நாளின் முதல் தீர்ப்பைச் சொல்பவர் போல.

"மூணாவது பூமி சூடாகறது. இப்ப இந்த அறையை எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு உங்களுக்கே தெரியுது. அதுக்காக நாங்க உங்க மேல புகார் கொடுக்கணுங்களா?"

சுற்றுச்சூழல் உறுப்பினர் ஒரு பாட்டிலைத் திறந்து முழுவதும் குடித்தார். ஆணையர் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். நிறுத்துவதற்கும் விதி இருந்தது. மூன்று பிரதிகளில் மனு வேண்டும். வேறு வழியில்லாமல், விளக்கு எரியும்போதே உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

*

செய்திக்காரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அழுகை நின்றது. சைக்கிள் கடைக்காரன் ஒரு படி கீழே, முதுகைக் காட்டி, யாரும் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு நின்றான். நிற்கும்போதே அவன் தோள் குலுங்கியது.

"அக்கா, அவரு பேரு வந்துச்சா?" அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வரல. ஒருத்தர் வாயிலயும் வரல."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நால்வரும் குழந்தையும் டயர் கடைக்குத் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மாடிப்படியின் கீழே, இடத்தை விசாரித்துக்கொண்டு வந்து, வால்வுக்காரர் நின்றிருந்தார். உடம்பில் பச்சைக் கோட்டு இல்லை.

செய்திக்காரி கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

"நேரலையை ஆபீஸ்ல எல்லாரும் பார்த்தாங்களாம். குரலைக் கேட்டதுமே முதலாளின்னு தெரிஞ்சுபோச்சாம். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினாரு. வால்வை முதலாளியே திறக்கறாரு, அந்த வேலைக்கு ஆளே கிடையாதுன்னு ஆணையத்துலயே பதிவாயிடுச்சு. அப்ப நீ இத்தனை வருஷமா இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலம்மா. கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போன்னுட்டாங்க."

"உங்க மேல சந்தேகப்பட்டாங்களா?" என்றாள் செய்திக்காரி.

"சேச்சே. யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. நல்லாத்தான் பேசினாங்க. அப்படி ஒரு வேலையே இல்ல, அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு வால்வை யாரு திறக்கறது?" கண்டக்டர் கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

"கணக்குல இல்லாம ஒரு ஆளை நிறுத்தியாச்சு. சக்கரம் எந்தப் பக்கம் சுத்தும்னு நான்தான் சொல்லிக் கொடுத்துட்டு வந்தேன்." அவர் செருப்பைச் சரிசெய்தார். "உங்க யார் மேலயும் குத்தம் சொல்ல வரலம்மா. பொண்ணு வெளிய வந்துடுச்சான்னு பார்க்க வந்தேன். பார்த்துட்டேன். வரேன்."

அவர் தெரு முனை திரும்பினார்.

"அந்தாளு பேரைக் காப்பாத்திட்டோம் அண்ணி" என்றான் கண்டக்டர்.

"பேரை வெச்சு அடுப்பு எரியுமா?" மேஸ்திரியம்மா படியில் உட்கார்ந்தாள். "முதலாளி தப்பிக்க நான்தான் ஒரு சந்து விட்டேன். ஜெயிலா டயரான்னு கேட்டேன். அவன் ஓடின சந்துல இவரு நின்னுக்கிட்டிருந்தாரு. நான் பார்க்கல."

"விடுங்க அண்ணி. கேஸ் முடிஞ்சுது. கணக்குத் தீர்ந்துது."

"தீரலடா. அவருக்கு நாம ஒரு வேலை கடன்பட்டிருக்கோம். இன்னும் கொடுக்கல."